மூன்றாம் தளம், நாற்பத்தேழாம் கட்டம்

வியாழக்கிழமை காலை 6.10.

விமான நிலைய வண்டி நிறுத்தத்தின் மூன்றாம் தளத்தில், நாற்பத்தேழாம் எண் கட்டத்தில், ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. அதன் பின்சீட்டில் ஒரு பெரியவர் கால்களை மடக்கிப் படுத்திருந்தார். தூக்கம்போலத்தான் தெரிந்தது. ஆனால் கண்ணாடியின் உட்புறம் ஈக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

முதலில் பார்த்தவன் ரோந்துக் காவலாள். ஆறடி மூன்று அங்குலம். பெயர் சொல்லி அவனைக் கூப்பிட்டவர் அங்கே யாருமில்லை. எல்லோருக்கும் அவன் நெட்டைதான். தூசியைக் கையால் துடைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். பிறகு வாக்கிடாக்கியை எடுத்து மேற்பார்வையாளரைக் கூப்பிட்டான்.

"அக்கா, மூணாவது மாடிக்கு வாங்க. ஓடி வர வேண்டாம். ஓடி வந்தும் பிரயோஜனம் இல்லை."

மேற்பார்வையாளர் நாற்பத்திரண்டு வயதுப் பெண். இந்தக் கட்டிடம் திறந்த நாளிலிருந்து இங்கே இருக்கிறாள். தரையில் சொட்டியிருக்கும் எண்ணெயைப் பார்த்தே அங்கே எந்த வண்டி நின்றது என்று சொல்லிவிடுவாள். அதனால் பையன்கள் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

அவள் வந்து வண்டியை ஒருமுறை சுற்றினாள். வண்டி பின்பக்கமாக ஏற்றி, மூக்கு வழியைப் பார்க்க நிறுத்தப்பட்டிருந்தது. நான்கு கதவும் பூட்டு. வைப்பர் இரண்டும் கண்ணாடியை விட்டு எழும்பி, சரணடைந்தவன் கை தூக்கி நிற்பதுபோல் நின்றன. தலைக்கு மேல் ஒரு விமானம் ஏறியது. கூரை அதிர்ந்தது, வைப்பர்களும் லேசாக நடுங்கின.

ஏதோ ஒன்று அவள் மனதில் நெருடியது. என்னவென்று பிடிபடவில்லை. செருப்புக்குள் போன மணல் மாதிரி, இருக்கிறது என்று தெரிகிறது, எடுக்கத்தான் முடியவில்லை.

காலை 7.30.

இன்ஸ்பெக்டர் வந்தார். பூட்டுத் திறப்பவர் கம்பி விட்டுக் கதவைத் திறந்தார். டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார். சீட்டில் கிடந்த பிளாஸ்க்கைத் திறந்து, அடியில் படிந்திருந்த வெள்ளைப் பொடியைப் பார்த்தார். காப்பியில் தூக்கமாத்திரை, ஒன்றிரண்டு அல்ல, ஒரு கைப்பிடி, என்றார். இறந்து இரண்டு நாள் ஆகிறது என்றும் சொன்னார். சாவி பெரியவரின் சட்டைப்பையில் இருந்தது. கைப்பேசி அணைத்துக் கிடந்தது. பாஸ்போர்ட், டிக்கெட் இரண்டும் பத்திரமாக இருந்தன. செவ்வாய் காலை 8.30 விமானம். அவர் ஏறவில்லை.

நுழைவாயில் கேமராப் படத்தை மேற்பார்வையாளர் எடுத்துக் கொடுத்தாள். செவ்வாய் காலை 5.52. அந்தக் கேமரா எண் பலகையை மட்டும்தான் படம் எடுக்கும். ஓட்டுபவர் முகம் விழாது. நடந்து வெளியே போகிறவர்களைப் பார்க்க அங்கே கேமராவே கிடையாது.

விரல்ரேகை எடுப்பவர் ஒரு விசித்திரத்தைச் சொன்னார். ஸ்டியரிங், கியர், கதவுக் கைப்பிடிகள், பிளாஸ்க், எல்லாம் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தன. சொந்தக்காரரின் ரேகைகூட இல்லை. ஜன்னல் கண்ணாடியில் மட்டும் ஒரு பெரிய கை பதிந்திருந்தது.

மேற்பார்வையாளர் திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தாள். ஹேண்ட்பிரேக் இறங்கியிருந்தது. கியர் முதலாவதில் இருந்தது. மறுபடி மனதில் அதே மணல்.

ஒரு கான்ஸ்டபிள் முன்கண்ணாடியில் காகிதம் ஒட்ட வந்து, வைப்பரை இறக்கப் போனார்.

"அது அப்படியே இருக்கட்டும் சார்," என்றாள்.

"ஏம்மா?"

"தெரியலை சார். இருக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வேண்டாம் என்று கான்ஸ்டபிளுக்குக் கண் காட்டினார்.

காலை 8.40.

இறந்தவர் ஒரு டிராவல்ஸ் நிறுவனத்தின் உரிமையாளர். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட், விசா எடுத்துக் கொடுப்பவர். மனைவி இல்லை, ஒரே மகள். மருமகன்தான் அலுவலகத்தை உடனிருந்து நடத்துகிறார். இன்ஸ்பெக்டர் தொலைபேசியில் மருமகனுக்குச் செய்தி சொன்னார். பதிலுக்கு அவர் விவரம் சொன்னார். மாமா செவ்வாய் விடியற்காலையில் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு கிளம்பினார். 6.20க்கு அவர் போனிலிருந்து மகளுக்குச் செய்தி வந்தது: 'உள்ளே வந்துட்டேன். இறங்கினதும் பேசறேன்.' விரோதி என்று யாரும் இல்லை. ஆனால் போன மாதம் ஏர்போர்ட் பார்க்கிங் சீருடையில் ஒருத்தன் அலுவலகத்துக்கு வந்து கத்தினான், உன்னைச் சும்மா விடமாட்டேன் என்று மிரட்டினான். ரொம்ப உயரமான ஆள்.

இன்ஸ்பெக்டர் போனை வைத்துவிட்டு, தூண் ஓரமாக நின்ற நெட்டையை நிமிர்ந்து பார்த்தார். நிமிர்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

"கண்ணாடியில இருக்கறது உன் கைதானே?"

"ஆமா சார். எட்டிப் பார்த்தேன்."

"செவ்வாய்க்கிழமை காலைல டியூட்டி?"

"இதே மாடிதான்."

"இடுப்புல என்ன?"

நெட்டை இடுப்பைப் பார்த்துக்கொண்டான். ரோந்துக்காரர்கள் எல்லோரும் செருகிக்கொள்ளும் துடைக்கிற துணி.

"போன மாசம் அவர் ஆபீசுக்குப் போய்க் கத்தினியா?"

"கத்தினேன் சார்," என்றான் நெட்டை. "இல்லைன்னு சொல்லலை."

காலை 9.15.

அவன் சொன்ன கதை இதுதான். அவனுடைய தங்கை இந்த டிராவல்ஸ் மூலம்தான் வீட்டு வேலைக்கு வெளிநாடு போனாள். கிளம்பும் முன்பு அலுவலகத்தில் அவள் கையில் ஒரு பார்சலைத் திணித்தார்கள். அங்கே ஒரு சொந்தக்காரர் வந்து வாங்கிக்கொள்வார், சின்னக் குழந்தைக்குத் துணிமணி என்றார்கள். அந்த ஊர் விமான நிலையத்தில் அதைப் பிரித்தார்கள். துணிக்கு நடுவே போதைப்பொருள். ஐந்து மாதமாகத் தங்கை சிறையில் இருக்கிறாள். வரும் திங்கட்கிழமை வழக்கு. தண்டனை விழுந்தால் அவள் உயிரோடு திரும்பி வருவாளோ மாட்டாளோ.

"கத்தினது உண்மை சார். ஆனா திங்கட்கிழமை ராத்திரி அந்தப் பெரியவரே எனக்கு போன் பண்ணாரு. 'பார்சலைக் கொடுத்தது யாருன்னு தெரிஞ்சுபோச்சுப்பா. நானே நேர்ல போய் அந்தக் கோர்ட்டுல சொல்றேன், எழுதியே எடுத்துட்டுப் போறேன்'னாரு. அவர் செத்தா எனக்கு என்ன சார் லாபம்? என் தங்கச்சிக்கு இருந்த ஒரே சாட்சி அவர்தான்."

"எழுதி எடுத்துட்டுப் போனாரா? வண்டியில ஒரு துண்டுக் காகிதம் இல்லையே."

நெட்டை மேற்பார்வையாளரை மட்டும் ஒருமுறை பார்த்தான். அந்தப் பார்வையில் தன்னைப் பற்றிய கவலை இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

பன்னிரண்டு மணிக்கு அவனை நீதிபதி முன்னால் நிறுத்தப் போவதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். மேற்பார்வையாளருக்கு மட்டும் கேட்கும் குரலில், "எல்லாம் பொருந்துதேம்மா," என்றார்.

"ரொம்பப் பொருந்துது சார்," என்றாள் அவள். "கடையில ரெடிமேட் சட்டை இவனுக்கு என்னிக்குமே பொருந்தினதில்லை. இது மட்டும் எப்படிப் பொருந்துது?"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, ஆனால் விலங்கையும் மாட்டச் சொல்லவில்லை.

காலை 10.40.

மகளும் மருமகனும் வந்தார்கள். முதல் தளத்தில் வண்டியை விட்டுவிட்டு, மேற்பார்வையாளரின் சின்ன அலுவலகத்துக்கு நடந்து வந்தார்கள். மருமகன் மனைவியைத் தோளோடு அணைத்துக் கூட்டிவந்தார். வெளிறிய முகம், மடிப்புக் கலையாத சட்டை. இந்தக் கட்டிடத்துக்குள் இதுவரை காலடி வைத்ததே இல்லை, வழி கேட்டுத்தான் வந்தோம் என்றார். செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல நடைப்பயிற்சிக்குப் போய்விட்டு எட்டு மணிக்கு வீடு திரும்பியதாகவும் சொன்னார்.

ரெண்டு நாளாகப் போன் வராமல் எப்படிச் சும்மா இருந்தீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மகள் கணவனைப் பார்த்தாள். அந்த ஊரில் புது சிம் கிடைக்க நாளாகும், பயப்படாதே என்று அவர் சொன்னாராம், அதனால் பயப்படவில்லையாம்.

உடலை அடையாளம் காட்ட மருமகனை இன்ஸ்பெக்டர் மேலே அழைத்துப் போனார். அறையில் இரண்டு பெண்கள் மட்டும். வெளியே ஒலிபெருக்கி, யாரோ ஒரு பயணிக்குக் கடைசி அழைப்பு விடுத்துக்கொண்டே இருந்தது. மேற்பார்வையாளர் தண்ணீர் கொடுத்தாள். மகள் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா நல்லா ஓட்டுவாராம்மா?"

"ஓட்டுவார். நிறுத்தறதுதான் வேடிக்கை." அவள் உதடு கோணியது, அழுகையா சிரிப்பா தெரியவில்லை. "ஹேண்ட்பிரேக்கைப் பிடுங்கி எடுக்கற மாதிரி இழுத்து வைப்பார். அப்பாவுக்கு அப்புறம் வண்டியை எடுக்கணும்னா ரெண்டு ஆள் வேணும்னு கேலி பண்ணுவோம். எங்கே போனாலும், அஞ்சு நிமிஷம் நின்னாலும், இழுத்துடுவார்."

மேற்பார்வையாளருக்கு அந்த வெள்ளைக் காரின் உட்புறம் நினைவுக்கு வந்தது. மூன்றாம் தளத்தில் அந்த ஹேண்ட்பிரேக் இறங்கித்தானே இருந்தது.

மகளுக்குத் தலை சுற்றியது. மாத்திரை கைப்பையில் இருக்கிறது, கைப்பையை வண்டியிலேயே விட்டுவிட்டேன் என்றாள். சாவி மேசைமேல் கிடந்தது.

"நான் எடுத்துட்டு வரேன்மா. எந்த வண்டி?"

"நீலக் கலர். லிஃப்ட் பக்கத்துல."

காலை 10.55.

முதல் தளம். லிஃப்டுக்கு எதிரே இருபது வண்டிகள் நின்றன. பத்தொன்பது வண்டிகள் சுவரைப் பார்த்து, அவசரத்தில் கோணல்மாணலாக நின்றன. விமான நிலையத்தில் எவனுக்குப் பொறுமையாக நிறுத்த நேரமிருக்கிறது? ஒரே ஒரு நீல வண்டி மட்டும் பின்பக்கமாக ஏறி, மூக்கு வழியைப் பார்க்க, நூல் பிடித்ததுபோல் நின்றது.

வைப்பர் இரண்டும் எழும்பி நின்றன.

அவள் கதவைத் திறந்தாள். ஹேண்ட்பிரேக் இறங்கியிருந்தது. கியர் முதலாவதில் இருந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு, வண்டியைத் தொட்ட கையை ஒருமுறை பார்த்தாள். செருப்பில் இருந்த மணல் கையில் வந்துவிட்டது.

காலை 11.10.

அறையில் நால்வரும் இருந்தார்கள். மருமகன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் கைப்பையை மகளின் மடியில் வைத்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"வெளியே நிக்கற நீல வண்டியை யார் சார் நிறுத்தினது?"

"நான்தான். ஏன், இடைஞ்சலா இருக்கா?"

"இல்லை சார். ரொம்ப அழகா நிறுத்தியிருக்கீங்க. வைப்பரைத் தூக்கி விட்டிருக்கீங்களே, எதுக்கு?"

"வைப்பரா? நான் தூக்கலையே."

அவர் பொய் சொல்லவில்லை. தன் கை செய்தது அவருக்கே தெரியவில்லை. மகள்தான் மாத்திரையைத் தேடிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அது அவர் பழக்கம். வீட்டு வாசல்ல நிறுத்தினாலும் தூக்கி விட்டுடுவார். மழை பெய்யும்போதுகூட. எதுக்குன்னு கேட்டா, தூக்கினேனான்னு என்னையே கேட்பார்."

சொல்லி முடித்து அவள் நிமிர்ந்தபோது இன்ஸ்பெக்டர் அவள் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேற்பார்வையாளர் இன்ஸ்பெக்டரைப் பார்த்துப் பேசினாள். குரல் உயரவில்லை.

"சார், இந்தக் கட்டிடம் வர்றதுக்கு முன்னால, ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு திறந்த மைதானம்தான் வண்டி நிறுத்தமா இருந்தது. வெளிநாடு போறவங்க சாவியைக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க. அங்கே இருந்த ஆளுங்க நிறுத்துவாங்க. ஒரு மாசம், ரெண்டு மாசம் வண்டி வெயில்ல கிடக்கும். அதுக்குன்னு அவங்களுக்கு ஒரு முறை உண்டு. வைப்பரைத் தூக்கிடணும், இல்லேன்னா ரப்பர் கண்ணாடியில ஒட்டிக்கும். ஹேண்ட்பிரேக் போடக் கூடாது, துருப்பிடிச்சு இறுகிடும், கியர்ல விட்டுடணும். மூக்கு வெளியே இருக்கணும், அப்பதான் பேட்டரி செத்தா ஒயர் கொண்டு போய்க் கொடுக்கலாம்.

"இங்கே திறப்பு அன்னிக்கு அந்த ஆளுங்கதான் இருநூறு வண்டியை ஓட்டிட்டு வந்து நிறுத்தினாங்க. எல்லாம் அதே முறையில. இங்கே தரை சரிவு. சாயங்காலமே ஒரு வண்டி கியர் நழுவி உருண்டு தூண்ல மோதிச்சு. அடுத்த வாரம் அவங்க எல்லாரையும் வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. அன்னிக்கு இருநூறு வண்டி வைப்பரையும் இறக்கி விட்டவள் நான். ஆறு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் இந்தக் கூரைக்குக் கீழே வைப்பர் தூக்கின வண்டியை நான் பார்த்ததில்லை. இன்னிக்கு ரெண்டு பார்த்தேன்."

"நெட்டை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவன் சேர்ந்து மூணு வருஷம். அவனுக்கு வண்டியே ஓட்டத் தெரியாது. காலை மடக்கி உட்கார எந்த வண்டியிலயும் இடம் போதாது."

மருமகன் எழுந்தார். இதெல்லாம் ஒரு சாட்சியா, யார் வேண்டுமானாலும் வைப்பரைத் தூக்கலாம், மாமாவே தூக்கியிருப்பார் என்றார். சாவி மாமாவின் பையில்தானே இருந்தது என்றும் கேட்டார்.

"ஒரு வண்டிக்கு ரெண்டு சாவி," என்றார் இன்ஸ்பெக்டர். "இன்னொண்ணு எங்கேம்மா இருக்கும்?"

"வீட்டுல, ஆணியில," என்றாள் மகள். அவள் குரல் எங்கிருந்தோ வந்தது. "செவ்வாய்க்கிழமை இல்லை. தேடினேன். புதன்கிழமை இருந்தது."

"கல்யாணத்துக்கு முன்னால இவர் எங்கே வேலை பார்த்தார்?"

"ஏர்போர்ட்லன்னு சொன்னார். என்ன வேலைன்னு சொன்னதில்லை. கேட்டா கோபம் வரும்."

இன்ஸ்பெக்டர் மருமகனின் பக்கம் திரும்பினார். "பெரியவரை நீங்கதான் ஓட்டிட்டு வந்தீங்க. வழியில காப்பி கொடுத்தீங்க. பின்சீட்டுல தூங்கினவர் எழுந்திருக்கலை. எழுதின காகிதத்தை எடுத்தீங்க. அவர் போன்ல செய்தி அனுப்பினீங்க. தொட்டதையெல்லாம் துடைச்சீங்க. இல்லையா?"

"எதையும் நிரூபிக்க முடியாது."

"தொட்டது ஞாபகம் இருந்ததைத்தான் சார் துடைச்சீங்க," என்றாள் மேற்பார்வையாளர். "வைப்பரைத் தொட்டதே உங்களுக்குத் தெரியாதே. ரெண்டு நாளா அது அப்படியே நிக்குது. காலைல ஒருத்தர் இறக்கப் போனார், வேண்டாம்னு சொன்னேன்."

மருமகனின் பார்வை தன் வலது கைக்குப் போனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே ஒன்றையொன்று தொட்டன, மெல்லிய கம்பி ஒன்றைப் பிடித்துத் தூக்குவதுபோல. அவர் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

காலை 11.40.

மேலேயிருந்து விரல்ரேகைக்காரர் கூப்பிட்டார். வைப்பர் கம்பியின் அடிப்பக்கம், இரண்டிலும், தெளிவான கட்டைவிரல். கீழேயிருந்த நீல வண்டியிலும் அதேதான். கான்ஸ்டபிள் இருவர் மருமகனை அழைத்துப் போனார்கள். வாசலில் நின்று மனைவியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

நெட்டையை விட்டுவிட்டார்கள். அவன் கதவு நிலையில் இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து, சுவரோரம் நின்றான். விடுதலையான முகமாக அது இல்லை.

"திங்கட்கிழமை கேஸ் அக்கா," என்றான். "எழுதினது போயிடுச்சே. இவன் அதை எரிச்சிருப்பான்."

மகள் தலை தூக்கினாள். "நீங்கதான் அந்தப் பொண்ணோட அண்ணனா?"

அவன் தலையசைத்தான்.

அவள் கைப்பையைத் திறந்தாள். மாத்திரை அட்டைக்குக் கீழிருந்து நான்காக மடித்த இரண்டு தாள்களை எடுத்தாள்.

"அதை டைப் அடிச்சது நான்தான். அப்பா சொல்லச் சொல்ல அடிச்சேன். ரெண்டு பிரதி எடுத்து ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டார். ஒண்ணை நீயே வெச்சுக்கோ, யார்கிட்டயும் சொல்லாதேன்னார். யார்கிட்டயும்னா யார்னு எனக்கு அப்போ புரியலை."

தாளை மேசைமேல் விரித்தாள். நாள், விமான எண், பெண்ணின் பெயர், எல்லாம் ஒழுங்காக இருந்தன. இரண்டாம் பக்கத்தில் ஓர் இடம்: 'என் அலுவலகத்தில் அந்தப் பார்சலை அவள் கையில் கொடுத்தவர்.' அதற்குப் பிறகு வெறும் புள்ளிகள். ஒரு பெயர் எழுதும் அளவுக்கு.

"இங்கே யார் பேர்ப்பான்னு கேட்டேன். விமானத்துல உட்கார்ந்து பேனாவால எழுதிக்கிறேன்மான்னு சொன்னார். என் முகத்தைப் பார்க்கலை."

வெளியே இன்னொரு விமானம் ஏறியது. அறை அதிர்ந்து அடங்கியது.

அப்பா கையெழுத்துப் போட்ட தாளில் தான் எழுதினால் செல்லுமா என்று அவள் இன்ஸ்பெக்டரைக் கேட்டாள். பக்கத்திலேயே தன் கையெழுத்தையும் தேதியையும் போட்டு, யார் எழுதியது என்று குறிப்பிட்டால் அது அவளுடைய சாட்சியமாகும், தானும் அறிக்கை அனுப்புகிறேன் என்றார் அவர்.

மகள் நெட்டையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மேற்பார்வையாளர் பக்கம் கையை நீட்டினாள்.

"ஒரு பேனா குடுங்க அக்கா."